அடைப்பு வாசலில் இல்லை: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு, நிதிக்குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையில் நம் வளாக நெட்வொர்க் பற்றி நான்கு முடிவுகள் இருக்கின்றன. இணைய இணைப்பின் வேகத்தை நொடிக்கு ஒரு கிகாபிட்டிலிருந்து பத்து கிகாபிட்டாக உயர்த்துவது. வளாகம் முழுக்க 400 புதிய வைஃபை ஆக்ஸஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி) வாங்குவது. கணினி மையத்தில் காலியாகக் கிடக்கும் மூன்று நெட்வொர்க் பொறியாளர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவது. கட்டடங்களின் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவியான மைய சுவிட்சை மாற்றக் கேட்டு மூன்றாவது ஆண்டாக நாங்கள் அனுப்பிய கோரிக்கையை ‘தற்போது அவசியமில்லை’ என்று திருப்பி அனுப்புவது.

இந்த வளாகத்தில் 17 ஆண்டுகளாகக் கேபிள் இழுத்து, சுவிட்ச் பொருத்தி, நள்ளிரவில் போன் வந்தால் எழுந்து ஓடி வேலை பார்த்தவன் நான். இந்த நான்கு முடிவுகளையும் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. உரிய வழியில் இரண்டு குறிப்புகள் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று மாணவர்கள் சொல்வது முழு உண்மை. அதைக் கேட்டு நீங்கள் கவலைப்பட்டதும் சரி. ஆனால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. இணைய இணைப்பு வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து வரைபடமாக வைத்திருக்கிறோம். இப்படி அளப்பது ஒன்றும் புதிய வித்தை அல்ல. இதற்காக உலகமெங்கும் பயன்பட்ட எம்ஆர்டிஜி என்ற இலவச மென்பொருளின் முதல் வடிவம், 1994இல் வெறும் 64 கிலோபிட் இணைப்பு ஒன்றைக் கண்காணிக்க எழுதப்பட்டது. நம்மிடம் உள்ள ஒரு கிகாபிட் இணைப்பின் வரைபடத்தைப் பாருங்கள். பரபரப்பான பிற்பகலில்கூட அது பாதியைத் தாண்டுவது அபூர்வம். மாணவர்கள் பக்கம் திறக்காமல் தவிக்கும் அதே நேரத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. வாசலை அகலமாக்கினால் வீட்டுக்குள் இருக்கும் நெரிசல் குறையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மைய சுவிட்சில் பத்து கிகாபிட் போர்ட் (கேபிள் செருகும் துளை) ஒன்றுகூடக் கிடையாது. வாங்கப்போகும் இணைப்பை அதில் செருகவே முடியாது. ஏதோ ஒரு வழி செய்து இணைத்தாலும், அங்கிருந்து கட்டடங்களுக்குப் போகும் ஃபைபர் (ஒளியில் தரவைக் கடத்தும் கண்ணாடி இழை) மிகப் பழைய மல்டிமோடு வகை, குறைந்த தூரத்துக்கானது. வழக்கமான பத்து கிகாபிட் மாட்யூல் (ஃபைபரின் முனையில் பொருத்தும் கருவி) அந்த வகை ஃபைபரில் 33 மீட்டர் தூரத்துக்குத்தான் வேலை செய்யும். மைய அறையிலிருந்து மிக அருகில் இருக்கும் கட்டடமே இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நெடுந்தூரத்துக்கான சிங்கிள்மோடு ஃபைபர் போட்டால் அதே வேகம் பத்து கிலோமீட்டர் வரை தாங்கும். முனையில் இருக்கும் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று தலைமுறைக் கருவிகளுக்கு அதே கம்பியைப் பயன்படுத்தலாம். மூன்றாண்டுகளாக நாங்கள் கேட்பது இதைத்தான்.

சென்ற பருவத்தின் ஆன்லைன் தேர்வு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரிய அரங்கில் முந்நூறு மாணவர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்குமேல் வைஃபை சின்னம் தெரிந்தது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. தேர்வு அலுவலகம் முதலில் கூப்பிட்டது இணையம் தரும் நிறுவனத்தை. அவர்கள் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள், உண்மையும் அதுதான். எங்களுக்குத் தகவல் வந்தபோது ஐம்பது நிமிடம் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது இணைய இணைப்பில் நூறு மெகாபிட்கூட ஓடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். டிஎச்சிபி சர்வர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கும். அந்த அரங்கத்துக்கு ஒதுக்கியிருந்தவை 254 முகவரிகள். வாடகைக் காலம் எட்டு நாள்; சர்வர் மென்பொருளோடு வந்த அளவு, யாரும் மாற்றவில்லை. முந்தைய நாட்களில் அந்த வழியாக நடந்து போனவர்களின் போன்களெல்லாம் முகவரியை வாங்கிக்கொண்டு போய்விட்டன. தேர்வுக்கு வந்த மாணவர்களுக்குக் கொடுக்க முகவரி மிச்சமில்லை. வாடகைக் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, முகவரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தேர்வு ரத்தாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினார்கள். அன்று வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுத ஒரு மாணவியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பத்து கிகாபிட் இல்லை, நூறு கிகாபிட் இருந்திருந்தாலும் அன்று அந்தப் பெண் தேர்வு எழுதியிருக்க முடியாது. இப்படிப்பட்ட இடங்களை முன்கூட்டியே தேடிப் பார்த்துச் சரிசெய்ய ஓர் ஆள் இருந்திருந்தால் எழுதியிருப்பாள்.

அதற்கும் முந்தைய ஆண்டு ஒரு நாள் முழு வளாகமும் ஐந்து மணி நேரம் முடங்கியது. நூலகம், சேர்க்கை அலுவலகம், ஆய்வகங்கள், விடுதிகள் எல்லாம். ஒரு துறை ஆய்வகத்தில் மேசையைச் சுத்தம் செய்தவர், ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்த கேபிளைப் பார்த்து, பாவம், நல்லெண்ணத்தோடு பக்கத்தில் இருந்த போர்ட்டில் செருகிவிட்டார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது. லூப் ஆகிவிட்டது, அதாவது தரவு திரும்பத் திரும்பச் சுற்றும் வளையம். நம் கேபிள் நெட்வொர்க் இயங்கும் ஈதர்நெட் முறையில் தரவு சட்டகம் என்ற சிறு பொட்டலங்களாகப் போகும்; இத்தனை தாவலுக்குப் பிறகு அழிந்துவிடு என்று சொல்லும் ஆயுள் எண் அவற்றுக்குக் கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு சட்டகம் லூப்பில் சிக்கினால் அது தானாக அழியாது, பெருகிக்கொண்டே சுற்றும். சில நொடிகளில் சுவிட்சுகள் மூச்சுத் திணறிவிடும்.

இதைத் தடுக்க, லூப் உண்டாக்கும் இணைப்பைத் தானாகவே அடைத்துவிடும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கியது; நாற்பது ஆண்டுப் பழைய தீர்வு. அந்த ஆய்வகத்தில் இருந்ததோ துறை தன் செலவில் வாங்கிய மலிவு சுவிட்ச். அதில் இந்த வசதி இல்லை. சரி, அந்த ஓர் ஆய்வகம் மட்டும் முடங்கியிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஏன் வளாகம் முழுக்க விழுந்தது? நம் நெட்வொர்க் முழுவதும் ஒரே தட்டையான பரப்பு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே தடுப்பு இல்லை. ஒரு மூலையில் பிடித்த தீ எல்லா இடத்துக்கும் போக வழி திறந்தே இருக்கிறது. அன்று நாங்கள் மூன்று பேர் கட்டடம் கட்டடமாக ஓடி, ஒவ்வொன்றாக இணைப்பைப் பிடுங்கிப் பார்த்துத்தான் அந்த ஆய்வகத்தைக் கண்டுபிடித்தோம். அந்த மூவரில் இப்போது மிஞ்சியிருப்பது நான் மட்டும்.

இதைவிடப் பெரிதாகவும் நடந்திருக்கிறது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரில், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கியது. துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போனதில் அந்த நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீ தாங்கும் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. அந்த நிர்வாகம் அதை மறைக்காமல் வெளியில் சொன்னது. அதனால் உலகில் பல வளாகங்கள் தங்கள் நெட்வொர்க்கைப் பிரித்துக் கட்டின. நம் வளாகத்திலும் அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறோம்.

மாற்று வழி யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நெட்வொர்க் ஸ்டார்ட்அப் ரிசோர்ஸ் சென்டர் பல நாடுகளின் வளாகப் பொறியாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்து வருவது இதைத்தான்: மையத்தில் ரூட்டிங் (முகவரியைப் பார்த்து, வட்டாரம் விட்டு வட்டாரம் தரவை அனுப்புவது) செய்யுங்கள், ஓரத்தில் மட்டும் சுவிட்ச் வையுங்கள். மைய அறையிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி ஃபைபர் நட்சத்திரம்போல் போகட்டும். ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி கோக்காதீர்கள். ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று முகவரித் தொகுதி உள்ள தனி ஐபி வட்டாரமாக இருந்தால் அங்கே நடக்கும் லூப் அந்தக் கட்டடத்தின் சுவரைத் தாண்டாது. இதைச் செய்ய ரூட்டிங் தெரிந்த ஒரு மைய சுவிட்ச் வேண்டும். ‘தற்போது அவசியமில்லை’ என்று நீங்கள் எழுதியது அதைப் பற்றித்தான்.

கட்டடங்களுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். ஏனென்றால் கட்டடத்தில் செய்த தவறைப் பிறகு திருத்தவே முடியாது.

செப்புக் கேபிளுக்கு ஒரு தூர வரம்பு உண்டு. சுவிட்சிலிருந்து கணினி வரை மொத்தம் 100 மீட்டர். அதில் சுவருக்குள் போகும் நிலையான கேபிள் 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தளத்திலும், முடிந்தவரை நடுவில், நெட்வொர்க்குக்கு என்று ஒரு சிறிய அறை தேவை. பூட்டு, காற்றோட்டம், தனி மின்சுற்று, யூபிஎஸ், மேலிருந்து கீழ்வரை கேபிள் இறங்க ஒரு குழாய். இவ்வளவுதான் கேட்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் திறந்த கட்டடத்தில் அந்த அறை வரைபடத்தில் இல்லை. எங்களிடம் வரைபடத்தைக் காட்டவும் இல்லை. கட்டி முடித்த பிறகு ‘நெட் கொடுங்கள்’ என்று கடிதம் வந்தது. தரைத்தள சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பத்துக்கும் வாளிக்கும் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் தளத்தில் கழிப்பறைக்கு மேலே உள்ள பொய்க்கூரையில் ஒன்றை வைத்திருக்கிறோம், வேறு இடமில்லை. ஒருமுறை குழாய் கசிந்து அது நனைந்தது. ஐந்து சுவிட்சுகளைச் சங்கிலியாகக் கோத்துத்தான் மேல்தளம் வரை கொண்டுபோக முடிந்தது. இரண்டாம் தளத்தில் மின்சாரம் போனால், அதற்கு மேலே மின்சாரம் இருந்தாலும் நெட்வொர்க் இருக்காது. அந்தக் கட்டடத்தில் ஆய்வு செய்பவர்கள் தங்கள் தரவை ஹார்டு டிஸ்கில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு கணினி மையத்துக்கு நடந்து வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதே கட்டடத்துக்கும் பக்கத்துப் பயிலரங்குக்கும் இடையே, ஃபைபருக்கு அனுமதி கிடைக்காததால், செப்புக் கேபிளே வெளியே போகிறது. இரண்டு கட்டடங்களின் எர்த்திங் ஒன்றல்ல. அருகில் மின்னல் விழுந்தால் அந்த வேறுபாடு கேபிள் வழியாகப் பாயும். ஓர் இடிமழை இரவில் இரண்டு சுவிட்சுகளும் பயிலரங்கில் இருந்த கணினிகளின் நெட்வொர்க் போர்ட்டுகளும் ஒன்றாகக் கருகின. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. அன்று எரிந்த கருவிகளுக்குச் செலவிட்ட பணத்தில் அந்த ஃபைபரை இரண்டு முறை போட்டிருக்கலாம்.

இப்போது புதிய உயிரியல் கட்டடத்தின் வரைபடம் ஒப்புதலுக்கு வந்திருக்கிறது. ஒரு நண்பர் காட்டினார். ஐந்து தளம். நெட்வொர்க் அறை என்று தரைத்தளத்தின் ஒரு கோடியில் ஒன்றே ஒன்று. மறுகோடியின் மேல்தளத்துக்கு அங்கிருந்து 90 மீட்டருக்குள் கேபிள் போகவே முடியாது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் இந்த மடலை இப்போதே எழுத ஒரு காரணம்.

400 ஆக்ஸஸ் பாயிண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல வைஃபை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆக்ஸஸ் பாயிண்ட் என்பது விளக்குப்போல் எண்ணிக்கை கூடினால் வெளிச்சம் கூடும் பொருள் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைப் பிரிவுகள்) மூன்றுதான்: 1, 6, 11. ஒரே அரங்கில் நான்காவதாக ஒன்றை மாட்டினால் அது ஏற்கெனவே இருப்பவற்றின் நேரத்தைப் பங்குபோடும். ஐந்து கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம் உண்டு. அதையும் திட்டமிட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் நடந்து அளந்து, எங்கே, எந்தச் சேனலில், எவ்வளவு சக்தியில் என்று முடிவு செய்த பிறகுதான் எத்தனை வாங்குவது என்பதே தெரியும். அந்த அளவை இங்கே யாரும் எடுக்கவில்லை. 400 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கணினி மையத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் மின்சாரம். ஆக்ஸஸ் பாயிண்டுகளுக்கு அதே நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. நம்மிடம் உள்ள பெரும்பாலான சுவிட்சுகள் 2003ஆம் ஆண்டுத் தரத்தைச் சேர்ந்தவை, ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் கொடுக்கும். சிலவற்றில் அந்த வசதியே இல்லை. புதிய ஆக்ஸஸ் பாயிண்டுகள் பலவற்றுக்கு 2009ஆம் ஆண்டுத் தரத்தின் 30 வாட் வேண்டும். சுவிட்சை மாற்றாமல் வாங்கினால் அவை பாதி சக்தியில் ஓடும், அல்லது பெட்டியிலேயே கிடக்கும். சென்ற முறை வாங்கியதில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் எங்கள் அறையில் இருக்கின்றன.

கடைசியாக ஆட்கள். இதை நான் என் வேலைச்சுமை பற்றிய புலம்பலாகச் சொல்லவில்லை. எங்கள் மூத்த பொறியாளர் ஓய்வுபெற்றபோது, எந்த ஃபைபர் எந்தக் குழியில் எங்கே திரும்புகிறது என்ற அறிவும் அவரோடு போய்விட்டது. எழுதி வைக்க அவருக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. அவர் போன மறுமாதம் பள்ளம் தோண்டிய இயந்திரம் ஒரு ஃபைபரை அறுத்தது. அதன் மறுமுனையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று இரவுகள் ஆயின. ஒப்பந்தத்தில் வந்து பொருத்திவிட்டுப் போகிறவர்கள் அடுத்த இரவு வரமாட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இரண்டு சுவிட்சுகளில் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லே மாறாமல் இருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டேன்.

சில மாதங்களுக்கு முன், நம் முகவரியிலிருந்து வேறொரு கல்வி நிறுவனத்தின் சர்வரைத் தாக்குகிறார்கள் என்று புகார் வந்தது. நம் வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அப்படி இருக்கும்போது, எந்த நேரத்தில் அந்த முகவரியின் எந்தப் போர்ட் எண்ணை (ஒவ்வோர் இணைப்பையும் பிரித்தறியும் எண்) யார் பயன்படுத்தினார்கள் என்ற பதிவு இருந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். நம் பதிவு சர்வரின் டிஸ்க் நிரம்பி நின்று போயிருந்தது. கவனிக்க ஆளில்லை. விடுதி வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. சந்தேகத்தின் பேரில் ஒரு மாணவர் விசாரிக்கப்பட்டார். அவர் அன்று வளாகத்திலேயே இல்லை. ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்நுழையும் எடுரோம் முறை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. நம் ஆய்வாளர்கள் வேறு பல்கலைக்கழகம் போனால் அங்கேயும் அதே கணக்கில் இணையலாம். அதில் சேர விண்ணப்பித்து நடத்தவும் ஆள் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பத்து கிகாபிட் இணைப்புக்கான ஒப்பந்தத்தை இப்போது நிறுத்தி வையுங்கள். அந்தத் தொகையில் முதலில் மைய சுவிட்சையும், மைய அறையிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் சிங்கிள்மோடு ஃபைபரையும் கொடுங்கள். கட்டடங்களைத் தனித்தனி வட்டாரமாகப் பிரித்து முடித்த பிறகு மூன்று மாதம் அளப்போம். அப்போது இணைப்பு நிரம்புகிறது என்று வரைபடம் காட்டினால், கூடுதல் வேகம் கேட்டு நானே முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

ஆக்ஸஸ் பாயிண்ட் கொள்முதலை, அறை அறையாக அளவெடுக்கும் வரை தள்ளி வையுங்கள். தேர்வு நடக்கும் அரங்குகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் தொடங்குகிறோம். ஒரு பருவ விடுமுறை போதும்.

கணினி மையத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எந்தக் கட்டட வரைபடத்துக்கும் கையெழுத்திடாதீர்கள். உயிரியல் கட்டடத்தின் வரைபடத்தை இந்த வாரமே எங்களுக்கு அனுப்புங்கள். ஏழு நாளில் குறிப்போடு திருப்பித் தருகிறேன்.

மூன்று பணியிடங்களையும் நிரந்தரமாக நிரப்புங்கள். அதில் ஒருவருக்கு ஆவணங்களும் பாதுகாப்பும் மட்டுமே வேலையாக இருக்கட்டும்.

கருவிகளைப் படிப்படியாக மாற்ற ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகையை வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். பழுதானால் கெஞ்சிக் கேட்பது என்ற நிலை இனி வேண்டாம். மாதத்தில் ஓர் இரவு, பராமரிப்புக்காக நெட்வொர்க்கை நிறுத்தும் அனுமதியையும் எழுத்தில் கொடுங்கள். நான்கு ஆண்டுகளாக மென்பொருள் புதுப்பிக்காத சுவிட்சுகள் இருக்கின்றன. நிறுத்தவே கூடாது என்று சொல்லப்பட்டதால்தான் அப்படி இருக்கின்றன.

அடுத்த நிதிக்குழுக் கூட்டத்துக்கு முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தக் கூட்டத்தில் வரைபடங்களோடு விளக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கும் முன்னால், உங்களில் இருவராவது ஒரு மணி நேரம் என்னோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அந்த சுவிட்சையும், கழிப்பறைக்கு மேல் இருப்பதையும் நேரில் காட்டுகிறேன். ஏணியும் சாவியும் என்னிடம் இருக்கின்றன. நாளைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி மையத்தின் நெட்வொர்க் பொறியாளர்